ஓய்வு பெற்ற சிஸ்டர்களிடம் கதை கேட்ட அனுபவங்கள்

நர்சிங் ஆசிரியை:
தொழில் அடையாளம் பற்றி வருடாவருடம் வகுப்பெடுப்பேன். பண்புகள், நெறிமுறைகள், கடமைகள் என்று பலகை நிறையும்; பிள்ளைகள் அப்படியே மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதுவார்கள். ஒரு வருடம் அந்தப் பாடத்தை வாய்மொழி வரலாறாக மாற்றினேன். ஆளுக்கு ஒரு ஓய்வு பெற்ற செவிலியரைச் சந்தித்து, சம்மதம் வாங்கி, அவர் பேசுவதைப் பதிவு செய்ய வேண்டும்.

முதல் தடவை சரியாக வரவில்லை. தவறு என்னுடையது, இருபது கேள்விகள் எழுதிக் கொடுத்திருந்தேன். பிள்ளைகள் கேஸ் ஹிஸ்டரி எடுப்பதுபோல வரிசையாகக் கேட்க, சிஸ்டர்களும் பிரிவு உபசார விழாவில் பேசுவதுபோலப் பதில் சொன்னார்கள். அடுத்த முறை ஒரே கேள்விதான்: "முடியாது என்று நீங்கள் சொன்ன நாள் எது?"

ஒரு சிஸ்டர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. நைட் டூட்டி. பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேராக நரம்பில் போடச் சொல்லி டாக்டரின் வாய்வழி உத்தரவு. அப்படிப் போட்டால் இதயம் நின்றுவிடும். "ட்ரிப்ஸில் கலந்து மெதுவாத்தான் ஏத்துவேன் சார்" என்றிருக்கிறார். டாக்டர் கத்தியிருக்கிறார். இவர் ட்ரேயைப் பிடித்தபடியே நின்றாராம். "கை நடுங்கிச்சும்மா. ஆனா போடல."

பதிவில் அதன்பின் நீண்ட மௌனம். அதை வெட்டிவிடலாமா என்று மாணவி கேட்டாள். வேண்டாம், எழுத்தாக்கும்போதும் 'மௌனம்' என்றே குறித்து வை என்றேன். வாய்மொழி வரலாற்றில் அதுவும் சாட்சியம்தான். முதல் வாரக் கட்டுரையில் "மருத்துவரின் உத்தரவை நிறைவேற்றுபவர் செவிலியர்" என்று எழுதியிருந்தவள் இவள். பதிவை எழுதி முடித்த பிறகு அந்த வரியை அவளே அடித்திருந்தாள்.

மூன்றாம் ஆண்டு மாணவி:
நான் சந்தித்தவர் கண்ணாடி சிரிஞ்ச் காலத்தவர். ஊசியைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பார்களாம். இழை சிக்கினால் முனை மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கல்லில் தீட்டி, கொதிக்க வைத்துத்தான் அடுத்தவருக்குப் போடுவார்கள். விரலை அசைத்துக் காட்டியபடியே சொன்னார். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கைக்கு வேலை மறக்கவில்லை. பிராக்டிகலில் மதிப்பெண்ணுக்காக நான் செய்துவந்த சரிபார்ப்பு எதையும் அன்றைக்குப் பிறகு அப்படிச் செய்ய முடியவில்லை.

இன்னொரு ஆசிரியை:
நாங்கள் இந்தப் பாடத்தை, நவீன செவிலியத்தின் முன்னோடியான ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலின் குரலிலிருந்து தொடங்குவோம். 1890 ஜூலையில் மெழுகு உருளையில் பதிவானது. கிரிமியப் போரின் பாலக்லாவா சண்டையில் பிழைத்து, பின்னாளில் வறுமையில் வாடிய வீரர்களின் உதவி நிதிக்காகப் பேசியது. கையில் விளக்கோடு நிற்கும் படத்தையே பார்த்துப் பழகிய பிள்ளைகள், எழுபது வயதுப் பெண்ணின் குரல் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பேச்சு வேகத்தில் பழைய நோயாளிகளின் பெயரும் வந்துவிடும். நாங்கள் எழுத்து வடிவத்தை சிஸ்டருக்கே வாசித்துக் காட்டி, பெயர்களை நீக்கிவிட்டு, அவர் சரி என்ற பிறகுதான் வகுப்புக்குக் கொண்டு போகிறோம்.