எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனால் பாதம் வலிக்கிறது: ஓடலாமா?

அரைமாரத்தான்_ஆசை:
வாரம் 20 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள், ஒரே மாதத்தில் 45-க்குத் தாவினேன். பேராசைதான். இரண்டு வாரமாக வலது பாதத்தின் மேல்பக்கம், இரண்டாவது விரலுக்குப் பின்னால் வலி. முதலில் ஓடும்போது மட்டும் இருந்தது. இப்போது படி இறங்கினாலே சுரீர் என்கிறது. நான்காம் நாளே எடுத்த எக்ஸ்ரே நார்மல். தசைப்பிடிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஓடலாமா?

மூன்றாம்_எலும்பு:
வேண்டாம். ஒரு விரல் நுனியால் அந்த எலும்பை வழிநெடுக அழுத்திப் பாருங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் உயிர் போனால் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரை, அதாவது திரும்பத் திரும்பப் பளு விழுந்து எலும்பில் வருகிற மெல்லிய விரிசலை, சந்தேகிக்க வேண்டும். எனக்கும் முதல் எக்ஸ்ரே சுத்தம்தான். நான்காவது வாரம் எடுத்ததில் மூன்றாவது மெட்டாடார்சலை (விரலுக்குப் பின்னால் பாதத்தில் இருக்கிற நீள எலும்பு) சுற்றி வெள்ளையாக, பஞ்சு ஒட்டினாற்போல் ஒரு புகைச்சல். அது புதிதாகக் கட்டிய எலும்பு. அதாவது, விரிசல் விட்டது தெரிந்ததே அது ஒட்ட ஆரம்பித்த பிறகுதான்! எம்ஆர்ஐ என்றால் முதலிலேயே காட்டியிருக்கும்.

பளு கூடினால் எலும்பு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். பழசைப் பெயர்க்கிற ஆளுக்குச் சில வாரம் போதும். புதுசு கட்டுகிற கொத்தனாருக்கு மாதக்கணக்கு. அந்த இடைவெளியில்தான் நீங்கள் 45 கிலோமீட்டர் ஓடியிருக்கிறீர்கள்.

பாதம்_பத்திரம்:
இடமும் முக்கியம். கணுக்காலுக்கு முன்னால் பாதத்தின் மேட்டில் வலித்தால் நேவிகுலர் என்கிற சின்ன எலும்பாக இருக்கலாம். அங்கே ரத்த ஓட்டம் குறைவு. 6 முதல் 8 வாரம் காலையே ஊன்றக் கூடாது, ஊன்றுகோல்தான். சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதியும் வம்பு பிடித்தது, சில சமயம் அறுவை சிகிச்சை வரை போகும். அப்புறம், மாதவிடாய் தள்ளிப்போகிறதா? சாப்பாட்டைக் குறைத்தீர்களா? இவையும் எலும்பைப் பலவீனமாக்கும், மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வைட்டமின் டியும் பார்க்கச் சொல்லுங்கள்.

அரைமாரத்தான்_ஆசை:
எம்ஆர்ஐ எடுத்தாயிற்று. இரண்டாவது மெட்டாடார்சல்தான். ஆறு வாரம் பூட் (பாதம் அசையாமல் பிடித்துக்கொள்கிற மருத்துவக் காலணி). சாப்பாடு விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், எடை குறைக்கிறேன் என்று இரவில் பட்டினி கிடந்தேன். பூட் போட்டு இரண்டே நாளில் இடுப்பு வலிக்கிறதே?

மூன்றாம்_எலும்பு:
பூட் உயரம். மறுகாலுக்குத் தடித்த அடிப்பாகமுள்ள ஷூ போடுங்கள், சரியாகும். பூட்டைக் கழற்றியதும் ஓடிவிடாதீர்கள், நான் அப்படி ஓடித்தான் இன்னும் ஐந்து வாரம் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் வேகநடை வலியில்லாமல் போனால், ஒரு நிமிட ஓட்டம், நான்கு நிமிட நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். அந்த நாட்களில் வலி மாத்திரையைத் தொடாதீர்கள், வலிக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும்.