புதுப்பிப்பு: இரண்டு மாதக் குட்டியைத் தனியாக விட்டுப் போவது

நடவு நாளில் எல்லோரும் வயலுக்குப் போனால் இரண்டு மாத நாய்க்குட்டியை எங்கே விடுவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். மன்னார்குடி பக்கம் எங்கள் வீடு. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கொல்லையில் கட்டிப்போடும் யோசனையை விட்டுவிட்டோம். கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும், பாம்பு வேறு வரும். கூடத்தின் ஒரு மூலையைப் பலகையால் தடுத்து, பழைய வேட்டி விரித்து, கனமான சட்டியில் தண்ணீர் வைத்திருக்கிறோம். சார்ஜர் வயர்களை மேலே தூக்கியாயிற்று.

என்னை உலுக்கியது எலி மருந்துதான். நெல் மூட்டைக்குப் பின்னால் அப்பா வைத்திருந்த பொட்டலம், சரியாகக் குட்டியின் மூக்குக்கு எட்டும் இடத்தில்! சிங்க் பாஸ்பைடு. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும், அதற்கு முறிமருந்தே கிடையாது. அன்றே அப்புறப்படுத்தி எலிப்பொறி வாங்கிவிட்டோம். வாசல் அரளியும் போயிற்று. அதன் இலையை மென்றால் இதயத்தையே பாதிக்கும்.

முதலில் பத்து நிமிடம், அப்புறம் அரை மணி என்று பழக்கினோம். இந்த வயதில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. அதனால் நடுவில் அத்தை வயலிலிருந்து வந்து வெளியே விடுகிறார். நேற்று அழாமல் தூங்கியிருந்தது.