படுக்கையில் இருக்கும் அப்பா: ஏற்காட்டிலேயே வைத்துப் பார்ப்பதா, சேலத்துக்கு அழைத்து வருவதா?

சூரமங்கலம் மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 78 வயது. ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகலூர் பக்கம் சொந்த வீடு. இரண்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. பிடித்து உட்கார வைத்தால் உட்காருவார். தானாகப் புரண்டு படுக்க முடியாது. துடைப்பது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அம்மாதான். அவருக்கு 71 வயது, சர்க்கரை உண்டு, முழங்கால் வலி வேறு.

நான் சூரமங்கலத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன், வேலைக்கும் போகிறேன். அண்ணன் ஓசூரில். சேலத்தில் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளில் விசாரித்தேன். டவுன் என்றால் நாளைக்கே ஆள் தருகிறோம் என்கிறார்கள், மலையில் போய்த் தங்க ஆள் வருவதில்லை. வந்த ஒரு அம்மாவும் குளிர் தாங்காமல் ஒரே வாரத்தில் இறங்கிவிட்டார். சொந்தக்காரர்கள் முதியோர் ஹோமில் சேர்க்கச் சொல்கிறார்கள். கீழே வரலாமா என்று கேட்டால் அப்பா இடது கையை ஆட்டி வேண்டாம் என்கிறார். சேலம் வெயில் அவருக்கு என்றைக்குமே ஆகாது. என்ன செய்வது?

அம்மாபேட்டை தறிக்காரர்:
என் அம்மாவை நாலு வருஷம் வீட்டில் வைத்துப் பார்த்தோம். படுக்கைப் புண் வராமலிருக்க முதலில் ஏர் பெட் வாங்குங்கள். மோட்டார் காற்று மாற்றி மாற்றி ஏற்றும் வகை வேண்டும். மலையில் கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், அதனால் சின்ன இன்வெர்ட்டரும் வேண்டும். 70 வயது ஆனவர்களுக்கான ஆயுஷ்மான் கார்டு (மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை) நம் பக்கம் தருகிறார்களா என்று விசாரித்து எடுத்துவிடுங்கள். வருமானம் பார்க்காமல் வருஷத்துக்கு 5 லட்சம் வரை தருகிறார்கள். ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான், வீட்டில் பார்க்கிற ஆளுக்குச் சம்பளம் அதில் வராது.

ஓய்வுபெற்ற நர்ஸ், அஸ்தம்பட்டி:
அம்மாடி, நீ அப்பாவைப் பற்றிக் கேட்கிறாய். எனக்கு உன் அம்மாவை நினைத்துத்தான் கவலை. 71 வயதில் ஒரு ஆளைத் தூக்கிப் புரட்டுகிறவர் இடுப்பு பிடித்துப் படுத்தால், வீட்டில் இரண்டு நோயாளி. மலையா டவுனா என்று முடிவு செய்யும் முன் அம்மா ராத்திரி தூங்குகிறாரா என்று பார். தூங்கவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்.

அப்பாவை மலையிலேயே வைத்துக்கொள். மாடி வீட்டில் கொண்டுவந்து வைத்தால் அவரை வெளியே எடுக்கவே முடியாது. கீழிருந்து ஆள் தேடுவதை விட்டுவிடு. நாகலூர், செம்மடுவு, மஞ்சக்குட்டை பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்களிடம் கேள், அவர்களுக்குக் குளிர் பழகியது. எஸ்டேட் கூலிக்குக் குறையாமல் கொடு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கப் போய்விடுவார்கள், அதற்கு முன்பே பேசி வைத்துவிடு. பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர் கிடைத்தால் உத்தமம். ஒருவர்தான் என்றால் ராத்திரிக்கு வை.

வேலை தெரியாதவர் என்று தயங்காதே, கூட நின்று காட்டினால் கற்றுக்கொள்வார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் இந்த இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறாமல் இருந்தால் படுக்கைப் புண் ஆரம்பம், அந்தப் பக்கம் படுக்க வைக்கவே கூடாது. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. நேராக உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி ஊட்ட வேண்டும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் டாக்டரிடம் சொல். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியாதான்.

அப்புறம், மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். கிராம சுகாதார செவிலியரிடம் இரண்டு பேரின் பெயரையும் பதிவு செய். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை, அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் வீட்டுக்கே வரும். பிசியோவைத் தள்ளிப்போடாதே, பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம்தான் கை கால் வேகமாகத் தேறும். சனி ஞாயிறுகளை நீயும் அண்ணனும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும் அம்மா நோயாளி அறைக்குள் வரவே வேண்டாம்.

இருமலோடு காய்ச்சல், மூச்சு வாங்குவது, சிறுநீர் நிற்பது இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், உடனே 108ஐக் கூப்பிடு.

குகை வாசகன்:
எல்லாம் முயன்றும் முடியாமல் ஹோம் என்று வந்தால், பதிவு பெற்றதா என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். சொல்லாமல் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் முதியோர் உதவி எண் 14567.

சூரமங்கலம் மகள்:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் போனில் கேட்டேன். ராத்திரி மூன்று முறை எழுந்திருக்கிறாராம், இதுவரை சொன்னதே இல்லை. செம்மடுவில் தெரிந்த ஒரு அக்கா ராத்திரிக்கு வரச் சம்மதித்திருக்கிறார். இன்னொன்று, அப்பாவுக்கு மாற்றுத்திறனாளி சான்று வாங்க முடியுமா? கலெக்டர் ஆபீஸுக்கு அவரையே கொண்டுபோக வேண்டுமா?

ஓய்வுபெற்ற நர்ஸ், அஸ்தம்பட்டி:
வாங்கலாம். ஆனால் இப்போதே வேண்டாம், பக்கவாதத்தில் சில மாதம் கழித்து நிலைமை தெரிந்த பிறகுதான் டாக்டர்கள் சதவீதம் போடுவார்கள். 75 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். மலையில் முகாம் எப்போது என்று மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு வை, அவரைக் கீழே அலைக்கழிக்க வேண்டாம். அந்த அக்கா வரும் முதல் ராத்திரி நீயும் கூட இரு.