சோழர் காலக் கதையை வாய்விட்டு வாசிக்கும்போது அன்றாட வாழ்க்கையை எப்படிக் காட்டுவது?

மேகமூட்டம்:
வணக்கம் நண்பர்களே. கோத்தகிரி பக்கம் ஒரு ஊர்ப்புற நூலகத்தில் சனிக்கிழமை மாலை கதை வாசிப்பு. 8 முதல் 11 வயது வரை பன்னிரண்டு பிள்ளைகள், முக்கால் மணி நேரம். இந்த மாதம் சோழர் காலச் சிறுவர் கதைகள். வாள், குதிரை, சுரங்கப்பாதை என்றால் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். சாதாரண ஆள் என்ன சாப்பிட்டான், எதில் அளந்தான், எப்படிப் படித்தான் என்பது மட்டும் மனதில் நிற்பதில்லை. பாதியில் நிறுத்தி விளக்கினால் கதை செத்துவிடுகிறது. விளக்காவிட்டால் நாழியும் கலமும் காற்றோடு போகிறது. என்ன செய்யலாம்?

ஓலைநறுக்கு:
நிறுத்தவே வேண்டாம், வாசிக்கிற மூச்சிலேயே ஒட்டிவிடுங்கள். "இரண்டு நாழி அரிசி, மூங்கில் குழாயில் தலைதட்டி இரண்டு தடவை அளந்தது, அவள் மடியில் இருந்தது." பக்கத்துக்கு ஒரு சொல் போதும். அதற்கு மேல் போனால் வாக்கியம் நொண்டும். 12 நிமிடம் வாசிப்பு, 10 நிமிடம் கைவேலை, மறுபடி வாசிப்பு. கைவேலை அன்றைய பகுதியில் வந்த ஒரே ஒரு பொருளைப் பற்றியதாக இருக்கட்டும்.

கதையில் ஓலை வரும் நாளில் இதைச் செய்யுங்கள். 3 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்தில் காகிதத்தை நறுக்கி, ஒரே வரி:

மலைமெலகரகமகரைநதது

பழைய ஓலைகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. 'மெ'யும் 'மே'யும் ஒரே வடிவம். துணைக்காலும் (ா) ரகரமும்கூட ஒன்றுபோலவே இருக்கும். கண்ணால் மட்டும் பார்த்தால் 'கரகம்' என்று நின்றுவிடுவார்கள். வாய்விட்டு இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தால்தான் "மலைமேல் காகம் கரைந்தது" பிடிபடும். அந்தக் காலத்தில் படிப்பு ஏன் சத்தம் போட்டே நடந்தது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது. நீங்கள் முதலில் வாசித்துக் காட்டிவிட்டால் எல்லாம் பாழ். குறைந்தது மூன்று நிமிடம் வாயைத் திறக்காதீர்கள்.

உழக்கு:
அளவுகளுக்கு வாய்ப்பாடு சொல்லாதீர்கள், ஒரு விளக்கில் தொடங்குங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு 1 உழக்கு நெய். அதற்காக இடையர்களிடம் ஒப்படைத்தது 96 ஆடு அல்லது 48 பசு அல்லது 16 எருமை. இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. கிழடானாலும் செத்தாலும் குட்டியைக் கொண்டு எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும், அதுதான் ஒப்பந்தம். இந்தத் தொடரை வாசிக்கும்போது இழுத்துச் சொல்லுங்கள், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். மலைப்பிள்ளைகளுக்கு எருமைக் கணக்கு இன்னும் சுலபம்.

பிறகு தண்ணீரை நெய்யாக வைத்து அளக்கட்டும். 4 உழக்கு 1 நாழி, 8 நாழி 1 குறுணி, 12 குறுணி 1 கலம். 365 உழக்கு என்றால் 91¼ நாழி. ஒரு கலத்துக்கு 96 நாழி. ஆக ஒரே ஒரு விளக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு கலம் நெய் குடிக்கிறது.

ஒரு தவறு அடிக்கடி நடக்கும்: வீட்டுப் பழைய உழக்கைக் கொண்டுவந்து 'சோழர் உழக்கு' என்று காட்டுவது. அளவு ஊருக்கு ஊர் மாறும். அதனால்தான் தஞ்சைக் கல்வெட்டுகள் 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் (அளக்கும் பாத்திரம்) அளந்தது என்று பெயரோடு எழுதின. மில்லிலிட்டருக்கு மாற்றிக் கரும்பலகையில் போடாதீர்கள். ஏதோ ஒரு டம்ளரை உழக்கு என்று வைத்துக்கொண்டால் விகிதம் தப்பாது.

மிளகுக்கொடி:
சாப்பாட்டுக்கு வருகிறேன். சிறுவர் கதைகளில் (படங்களில் அதைவிட மோசம்) மிளகாயும் தக்காளியும் சாதாரணமாக வந்துவிடும். இரண்டும் 1498இல் போர்த்துகீசியர் கள்ளிக்கோட்டைக்கு வந்த பிறகுதான் இங்கே வந்தன. காரத்துக்கு மிளகு. 'மிளகாய்' என்ற பெயருக்குள்ளேயே மிளகு உட்கார்ந்திருக்கிறது. வாசிக்கும்போது திருத்தாமல் அப்படியே வாசித்து, தப்பு தெரிந்தவர் தொடையில் தட்டட்டும். கேட்கும் கவனம் இரட்டிப்பாகும்.

இன்னொன்று. எல்லாவற்றையும் தஞ்சாவூரிலேயே வைக்காதீர்கள். சாமராஜநகரில் 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஹொய்சள விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோதவரை (நீலகிரியின் தோடர்கள்) அச்சுறுத்தியதைச் சொல்கிறது, நீலமலையையும் (நீலகிரி) குறிப்பிடுகிறது. அதே நூற்றாண்டில் உங்கள் சரிவில் என்ன இருந்தது என்று கேளுங்கள். தேயிலை இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, கேரட் இல்லை, கற்பூர மரம் (யூகலிப்டஸ்) இல்லை. எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னால் கடைசியில் சோலையும் புல்வெளியும்தான் மிஞ்சும்.

மேகமூட்டம்:
தொடையில் தட்டுவது பிடித்திருக்கிறது, நன்றி. அடுத்த வாரக் கதையில் குடவோலை (பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து ஆளைத் தேர்ந்தெடுப்பது) வருகிறது. சீட்டு எழுதிப் போட்டு எடுக்கவிடலாமா?

ஓலைநறுக்கு:
தாராளமாக. ஆனால் 'அந்தக் காலத்திலேயே ஜனநாயகம்' என்று முடித்துவிடாதீர்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921, முதலாம் பராந்தகன்) சொல்வது பிராமணர் சபையின் விதி. 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல், 70க்குள். வரி கட்டும் கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் நிலம், சொந்த மனையில் வீடு. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவுக்காரர்களும் கிடையாது. முதலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வயதும் நிலமும் கற்பனையாகக் கொடுத்து, எல்லோர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு விதியாக வாசித்து, சேராத சீட்டை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சபையில் ஆண்கள் மட்டுமே என்பதால் பெண்பிள்ளைகளின் சீட்டு முதல் சுற்றிலேயே வெளியே போய்விடும். கேள்வி அவர்களிடமிருந்தே வரும், நீங்கள் கேட்க வேண்டாம்.

மிச்சச் சீட்டுகளைக் குடத்தில் குலுக்கி, இருப்பதிலேயே சின்னப் பிள்ளை எடுக்கட்டும். அங்கேயும் ஒன்றும் அறியாத சிறுவன்தான் எடுத்தான். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும், ஒளித்து மாற்றாமல் இருக்க. அவர் வாசித்த பிறகு அங்கே இருந்த நம்பிமார் (கோயில் பூசாரிகள்) எல்லோரும் அதே ஓலையை வாசித்தார்கள். உங்கள் பன்னிரண்டு பேரும் அந்தப் பெயரை ஒருவர் பின் ஒருவராகச் சத்தமாக வாசிக்கட்டும்.