கோர்ன் ஸ்னேக் குட்டி சாப்பிடுதில்லை, என்ன செய்யலாம்?

பனிக்காடு (ஸ்காபரோ)

வணக்கம் எல்லாருக்கும். போன மாசம் இங்க ஒரு ரெப்டைல் எக்ஸ்போவில, அதான் ஊர்வன விக்கிற கண்காட்சியில, கோர்ன் ஸ்னேக் எண்ட விஷமில்லாத வளர்ப்புப் பாம்புக் குட்டி ஒண்டு வாங்கினனான். பென்சில் மொத்தம் கூட இல்லை, கிச்சன் ஸ்கேல்ல வச்சால் 6 கிராம் காட்டுது. வந்த நாளில இருந்து வாயே திறக்கேல்லை. ஃப்ரோசன் பிங்கி, அதான் மயிர் முளைக்காத எலிக்குஞ்சு, அதை உருக்கி டோங்ஸால பிடிச்சு முகத்துக்கு முன்னால ஆட்டினால் தலையை இழுத்துக்கொண்டு பின்னால போகுது, சில நேரம் வாலைப் படபடவெண்டு அடிக்குது. இரவு முழுக்க உள்ள விட்டும் பாத்திட்டன், காலமை பிங்கி அப்பிடியே கிடக்குது. பெரிய கண்ணாடித் தொட்டியிலதான் வச்சிருக்கிறன், ஹோல்ல டிவிக்குப் பக்கத்தில. அம்மா பால் வை, முட்டை உடைச்சு வை எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுறா. தண்ணி குடிக்குது, தோலும் ஒருக்கா கழட்டிட்டுது. செத்துப்போயிடுமோ எண்டு உண்மையாவே பயமா இருக்கு, தெரிஞ்சவை சொல்லுங்கோ.

ஹூஸ்டன்வாசி

தம்பி முதல்ல பயப்படாதீங்க, கார்ன் ஸ்நேக் குட்டி ஆரம்பத்துல சாப்பிடாம அடம் பிடிக்கிறது ரொம்ப சாதாரணம். ஏன்னு கேட்டா, இந்தப் பாம்போட சொந்த ஊர் அமெரிக்காவோட தென்கிழக்குப் பக்கம், அங்க காட்டுல பொரிக்கிற குட்டி முதல்ல பிடிச்சு முழுங்குறது சின்னச் சின்ன ஓணானும் மரத்தவளையும்தான், எலி எல்லாம் கொஞ்சம் வளந்த அப்புறம். அதனால சில குட்டிக்கு எலி வாசனையே சாப்பாடுன்னு புரியாது.

ஆனா உங்க விஷயத்துல வாசனைக்கு முன்னாடி இடம்தான் எனக்கு இடிக்குது. வால படபடன்னு அடிக்குதுன்னா அது பயந்துபோய் இருக்குன்னு அர்த்தம். 6 கிராம் உயிருக்கு அந்தத் தொட்டி ஒரு மைதானம், மேல டிவி வெளிச்சம் சத்தம் ஆள் நடமாட்டம் வேற. ஷூ பாக்ஸ் சைஸ்ல ஒரு பிளாஸ்டிக் டப் எடுங்க, பக்கத்துல சின்னச் சின்ன ஓட்டை போடுங்க, மூடி இறுக்கமா இருக்கணும் ஏன்னா இதுங்க தலை நுழையுற சந்து கிடைச்சா போயிடும். கீழ பேப்பர் டவல், வெதுவெதுப்பான பக்கம் ஒண்ணு குளிர்ச்சியான பக்கம் ஒண்ணுன்னு உடம்பு ரெண்டு பக்கமும் உரசுற மாதிரி குட்டியா ரெண்டு மறைவிடம், ஒரு தண்ணிக் கிண்ணம், அவ்வளவுதான். யாரும் போகாத ரூம்ல வச்சிட்டு ஒரு வாரம் கையே வைக்காதீங்க, சாப்பாடும் காட்டாதீங்க. தினமும் போய் பிங்கிய நீட்டி நீட்டிப் பாக்குறதுதான் நிறைய பேர் கெடுத்துக்கிற இடம், ஒவ்வொரு தடவையும் அதுக்கு பயம்தான் கூடும்.

சூடு எவ்வளவு இருக்குன்னு சொல்லவே இல்லையே? சூட்ட ஒரே அளவுல வச்சுக்கிற தெர்மோஸ்டாட் இருக்கா?

லண்டன் அக்கா

மேல சொன்னது சரி தம்பி. பால், முட்டை ரெண்டும் வேண்டாம், அம்மாட்ட அன்பாச் சொல்லி விடுங்கோ. பாம்புக்குப் பால் சாப்பாடே இல்லை, தாகத்தில தவிக்கிற பாம்புதான் முன்னால வச்ச எதையும் குடிக்கும், அதை வச்சுத்தான் எங்கட ஆக்கள் பால் குடிக்குது எண்டு நம்பினவை.

எக்ஸ்போவில வித்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கோ, அவரிட்ட இருக்கேக்க சாப்பிட்டதா, என்னத்தைச் சாப்பிட்டது, உயிரோட குடுத்தவரா ஃப்ரோசனா எண்டு. முதல் தோல் கழட்டுறதுக்கு முதல் குட்டியள் சாப்பிடாதுகள், வயித்துக்க முட்டை மஞ்சள் கருவின்ர மிச்சம் இருக்கும். உங்கடது கழட்டினது முதல் தோல் எண்டால் இன்னும் ஒருக்காக் கூடச் சாப்பிடாத குட்டியை உங்களிட்டத் தள்ளி விட்டிருக்கினம் எண்டு அர்த்தம், அது சரியான வேலை இல்லை.

கிழமைக்கு ஒருக்கா நிறை எழுதி வையுங்கோ, கிராமுக்குக் கீழயும் காட்டுற ஸ்கேல் வேணும். 6 கிராம் 5.8 ஆனால் பொறுக்கலாம். 5.4க்கு வந்தால், இல்லாட்டி முதுகெலும்பு தெரியத் தொடங்கினால், வாயில நுரை, மூச்சில விசில் சத்தம் இருந்தால், காத்திருக்காமல் ஊர்வன பாக்கிற மிருக வைத்தியரிட்டக் கொண்டு போங்கோ.

பனிக்காடு (ஸ்காபரோ)

நன்றி அண்ணா, அக்கா. சூடு குடுக்கிற ஹீட் மாட் தொட்டிக்குக் கீழ இருக்கு, தெர்மோஸ்டாட் இல்லை, கண்ணாடியில ஒட்டுற வட்டத் தெர்மோமீட்டர் 24 காட்டுது. வித்தவரிட்டக் கேட்டன், ஒருக்காச் சாப்பிட்டது எண்டுறார் ஆனால் என்னெண்டு தெளிவாச் சொல்லுறார் இல்லை. வாசனை மாத்திறது எப்பிடி எண்டும் சொல்லுங்கோவன்.

ஹூஸ்டன்வாசி

அந்த ஒட்டுற தெர்மோமீட்டர நம்பாதீங்க, அது கண்ணாடியோட சூட்டத்தான் காட்டும். ஒயர் ப்ரோப் வச்ச டிஜிட்டல் ஒண்ணு வாங்கி ஹீட் மாட்டுக்கு மேல தரையில வைங்க, தெர்மோஸ்டாட் கட்டாயம், அது இல்லாம மாட் 40 தாண்டிப் போய் வயித்துத் தோலச் சுட்டுடும். வெதுவெதுப்பான பக்கம் 28லேர்ந்து 30 டிகிரி, குளிர்ச்சியான பக்கம் 23 மாதிரி. சூடு இல்லன்னா செரிக்காது, செரிக்காதுன்னு உடம்புக்குத் தெரிஞ்சா பசியே எடுக்காது.

ஒரு வாரம் கழிச்சு, சாயங்காலம் இருட்டினதும் பிங்கிய ஃப்ரிட்ஜ்ல உருக விட்டு, அப்புறம் ஜிப் லாக் கவர்ல போட்டு கை பொறுக்கிற சுடுதண்ணில கொஞ்ச நேரம். மைக்ரோவேவ் வேண்டாம், வெந்துடும். மூடி போட்ட சின்ன டெலி கப்ல, மூச்சுக்கு ஓட்டை போட்டு, குட்டியையும் பிங்கியையும் சேத்து விட்டு, அந்தக் கப்ப டப்போட வெதுவெதுப்பான பக்கத்துல வச்சு, மேல ஒரு துணி போட்டு மூடிட்டுப் போய்த் தூங்குங்க. எட்டிப் பாக்காதீங்க. இது நிறைய குட்டிக்கு வேலை செய்யும்.

சாப்பிடலன்னா அஞ்சாறு நாள் இடைவெளி விட்டு ஒண்ணு ஒண்ணா மாத்துங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ணா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. முதல்ல பிங்கிய வாசனை இல்லாத சோப்புல கழுவி நல்லா அலசிக் குடுங்க, எலி வாடை போயிடும். அடுத்தது, பாக்கக் கஷ்டமா இருக்கும், செத்த பிங்கியோட மண்டையில ஊசியால குத்தி உள்ள இருக்கிறத மூக்கு மேல தடவுறது, அந்த வாசனைக்கு அடம் பிடிக்கிற குட்டிகூட வரும். அதுக்கும் மசியலன்னாதான் ஓணான் வாசனை. இங்க எங்க வேலி மேலயே பச்சை அனோல்னு ஒரு சின்ன ஓணான் ஓடும், உங்க ஊர்ல பெட் ஷாப்ல கேட்டா அனோலோ கெக்கோங்கிற பல்லியோ கழட்டின தோல் குடுப்பாங்க, அதுல ஒரு துண்ட ஈரமாக்கி பிங்கி மூக்குல ஒட்டுங்க. வாயத் திறந்து திணிக்கிற வேலைய மட்டும் நீங்களா பண்ணாதீங்க, அந்தத் தாடை ரொம்ப மெல்லிசு.

சோழிங்கநல்லூர் பையன்

நடுவுல நுழையிறதுக்கு மன்னிக்கணும். எங்க வீட்டுப் பக்கம் ஒரு சாரைப்பாம்புக் குட்டி கிடைச்சுது, டப்பால வச்சிருக்கேன், அதுவும் சாப்பிட மாட்டேங்குது. இதே மாதிரி செய்யலாமா?

ஹூஸ்டன்வாசி

வேண்டாம் தம்பி. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல சாரை வருது, வீட்டுல வச்சிருந்தா கேஸ் ஆகும். அது காட்டுக்குட்டி, தவளை தேடித் திரியுற உயிர், டப்பாவுல பயத்துலயே பட்டினி கிடந்து செத்துடும். சாரைன்னு நிச்சயமாத் தெரியாம இனிமே கையும் வைக்காதீங்க. இன்னைக்கே வனத்துறைக்குப் போன் பண்ணுங்க.

பனிக்காடு (ஸ்காபரோ)

சாப்பிட்டிட்டுது!! டப்புக்கு மாத்தி, தெர்மோஸ்டாட் போட்டு, ஒரு கிழமை விட்டிட்டுக் கப்பில வச்சன், சரிவரேல்லை. பிறகு கழுவின பிங்கி வச்சன், காலமை கப் வெறுமை, வயித்தில சின்னக் கட்டி மாதிரி ஒரு வீக்கம். அம்மாதான் முதல் கண்டவா, சத்தம் போட்டுக் கூப்பிட்டவா. இப்ப தூக்கிப் பாக்கலாமோ?

லண்டன் அக்கா

கேக்கவே சந்தோசமா இருக்கு. தூக்காதேங்கோ! குறைஞ்சது ரெண்டு நாள் தொடப்படாது, கக்கிப்போட்டுதெண்டால் குட்டி நல்லாத் தளந்துபோயிடும், பிறகு ரெண்டு கிழமை சாப்பாடு குடுக்கவும் ஏலாது. அடுத்ததும் அதே சைஸ், அதே மாதிரிக் கழுவி, அதே கப்பில, ஆறேழு நாளால. மூண்டு நாலு தரம் ஒழுங்காச் சாப்பிட்ட பிறகு கழுவாமல் குடுத்துப் பாருங்கோ.