புதுப்பிப்பு: டேப் டிரைவில் கம்ப்ரெஷனை அணைத்துப் பார்த்தேன்

போன மாதம் கேட்டிருந்தேன்: மொரீஷியஸில், ரோஸ்ஹில்லில் எங்கள் கோவிலின் தைப்பூசக் காவடி வீடியோக்களை எல்டிஓ-6 டேப்பில் (கணினித் தரவைச் சேமிக்கும் காந்த நாடா) சேமிக்கிறோம், உறையில் 6.25 டிபி (டெராபைட்) என்று போட்டிருக்கிறது, 2.5-லேயே நிறைந்துவிடுகிறதே, ஏன் என்று. டிரைவின் கம்ப்ரெஷனை, அதாவது தரவைச் சுருக்கி எழுதும் வசதியை, அணைத்துப் பாருங்கள் என்றீர்கள்.

அணைத்தேன். கொள்ளளவு அப்படியேதான் இருக்கிறது. உறையிலுள்ள 6.25 என்பது தரவு நன்றாகச் சுருங்கினால்தான். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது. பேக்கப் மென்பொருள் அதைக் குறியாக்கமும் (என்கிரிப்ஷன்) செய்து அனுப்புகிறது. பிழிந்தெடுக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. எல்டிஓ அதைக் கண்டுகொண்டு அப்படியே எழுதிவிடுவதால் நஷ்டமும் இல்லை.

எங்களிடமுள்ள பழைய டிடிஎஸ்-4 டிரைவில்தான் (இன்னொரு வகை, சின்ன டேப்) நிஜமான வித்தியாசம். 20 ஜிபி டேப், 19 ஜிபி ஏறும் முன்பே முடிந்துபோகும். சுருங்காத தரவைச் சுருக்கப் போய் ஊதிப் பெருக்கியிருக்கிறது! மின்சாரத்தை நிறுத்தி, டிரைவைக் கழற்றி, அடியிலுள்ள சின்னச் சுவிட்சைப் பேனா முனையால் தள்ளினேன். இப்போது அதே தரவு முழுசாக அடங்குகிறது.

லினக்ஸில் எம்டி (mt) என்ற டேப் கட்டளையால் கம்ப்ரெஷனை அணைத்தது, கணினியை மறுபடி போட்டதும் பழையபடி ஆகிவிட்டது. அந்தக் கட்டளையைக் கணினியின் தொடக்க ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், நான் பயந்த விஷயம்: கம்ப்ரெஷனோடு எழுதிய பழைய டேப்புகள். எல்லாம் படிக்கின்றன, டிரைவே பார்த்து விரித்துக்கொள்கிறது. 2009 காவடியைத் திரும்ப எடுத்தேன். அலகு குத்திய தாத்தாவின் முகம் தெளிவாக இருக்கிறது.