ஆர்எக்ஸ்-8: பத்தடி நகர்த்தி அணைத்தேன், அதிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை. உதவுங்கள்

ஒன்பதாயிரம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வண்டி 2006-ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-8, ஆறு கியர் மேனுவல். ஓடியது 92,000 கி.மீ. நான் மூன்றாவது உரிமையாளர், வாங்கி எட்டு மாதம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை வரை ஒரு குறையும் இல்லை.

சனிக்கிழமை காலை கழுவுவதற்காக ஷெட்டிலிருந்து வெளியே எடுத்தேன். பத்தடி தூரம்தான் இருக்கும். எடுத்தவுடன் அணைத்துவிட்டேன். கழுவித் துடைத்துவிட்டு உள்ளே விடலாம் என்று சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஏழெட்டு முறை முயன்றேன். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. கடைசியில் பேட்டரியும் இறங்கிவிட்டது.

மறுநாள் ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். சாதாரண கம்ப்ரஷன் கேஜை (எஞ்சினுக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஷனே இல்லை, எஞ்சின் முடிந்தது, இறக்கிப் பிரித்துத்தான் ஆக வேண்டும்" என்றார். வெள்ளிக்கிழமை 9,000 ஆர்பிஎம் வரை குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு போன எஞ்சின், பத்தடியில் எப்படி முடியும்? எனக்கு மனசு கேட்கவில்லை. எஞ்சினை இறக்கச் சம்மதிப்பதற்கு முன் நான் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?


எபெக்ஸ்சீல் எழுதியது:

தம்பி, எஞ்சினை இறக்க விடாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், எஞ்சினுக்குள் பெட்ரோல் நிரம்பிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ரோட்டரி (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் எஞ்சின், உங்கள் வண்டியில் இருப்பது) வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்போம். நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது கணினி பெட்ரோலைத் தாராளமாக ஊற்றும். ஓடிச் சூடாகிவிட்டால் அது எரிந்து போய்விடும். நீங்கள் பத்தடியில் அணைத்துவிட்டதால் எரியாத பெட்ரோல் உள்ளேயே தங்கிவிட்டது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் ஒவ்வொரு எபெக்ஸ் சீல் (அழுத்தம் கசியாமல் தடுக்கும் பட்டை) இருக்கிறது. அந்தச் சீலும் சுவரும் சேரும் இடத்தில் படிந்திருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதில் பாதி வேலையைச் செய்கிறது. திரவமாக நிற்கும் பெட்ரோல் அந்தப் படலத்தைக் கழுவிவிடும். அழுத்தம் விழும். பிளக்கும் நனைந்து போகும். நீங்கள் மறுபடி மறுபடி கிராங்க் செய்யச் செய்ய (ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றச் சுற்ற) இன்னும் பெட்ரோல் உள்ளே போகும்.

அந்த நிலையில், அதுவும் இறங்கிப்போன பேட்டரியோடு கேஜ் வைத்தால் எந்த ரோட்டரியும் செத்த மாதிரிதான் காட்டும்.

செய்ய வேண்டியது: முதலில் பேட்டரியைக் கழற்றி முழுசாகச் சார்ஜ் போடுங்கள். இதில் அவசரப்படாதீர்கள், ரோட்டரி வேகமாகச் சுற்றினால்தான் பிடிக்கும். அப்புறம் ஃபியூயல் பம்ப் ரிலேயைப் பிடுங்குங்கள், காயில் (பிளக்குக்குப் பொறி தரும் மின்சுருள்) கனெக்டர்களைக் கழற்றுங்கள். நான்கு பிளக்கையும் வெளியே எடுத்துவிட்டு, ஐந்து வினாடி கிராங்க், கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து வினாடி. பிளக் துளைகள் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சி வரும். அதனால் திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு, பொறி எதுவும் கூடாது, கையில் தீயணைப்பான் இருக்கட்டும். ஈரம் வருவது நின்றதும் ஒவ்வொரு ரோட்டருக்கும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் பிளக் துளை வழியாக விட்டு, கையால் கொஞ்சம் சுற்றிவிடுங்கள். காய்ந்த பிளக்குகளைப் போட்டு, எல்லாவற்றையும் மாட்டி, ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு கிராங்க் செய்யுங்கள். ஆர்எக்ஸ்-8-இல் அப்படி முழுசாக அழுத்திக் கிராங்க் செய்யும்போது கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். பிடிக்கிற மாதிரி தெரிந்ததும் காலை மெதுவாக எடுங்கள். வெள்ளைப் புகை ஊர் முழுக்கப் போகும், பயப்பட வேண்டாம்.


மலைச்சாலை எழுதியது:

இவ்வளவு வேலை எதற்கு? இரண்டாவது கியரில் போட்டு நான்கு பேர் தள்ளினால் பிடித்துக்கொள்ளுமே. என் பழைய வண்டியில் அப்படித்தான் செய்வோம்.


எபெக்ஸ்சீல் எழுதியது:

மலைச்சாலை, பிஸ்டன் வண்டிக்கு அது சரி. இதில் உள்ளே நிற்கும் பெட்ரோல் அத்தனையும் புகைக்குழாய் வழியாகக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) போகும். எஞ்சின் பிடித்தவுடன் அது அங்கே போய் எரியும். கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொண்டால், அப்புறம் உண்மையிலேயே எஞ்சின் போய்விடும். தயவுசெய்து தள்ள வேண்டாம்.


மலைச்சாலை எழுதியது:

இது எனக்குத் தெரியாது. நல்லவேளை சொன்னீர்கள்.


ரோட்ஸ்டர் ரசிகை எழுதியது:

கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. என்னிடம் எம்எக்ஸ்-5 இருக்கிறது, இரண்டாம் தலைமுறை. பிஸ்டன் எஞ்சின் என்பதால் இந்தத் தொல்லை இல்லை. 1989-இல் முதல் எம்எக்ஸ்-5 வந்ததிலிருந்து 2016-இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது வரை, அந்தச் சின்ன வண்டியின் குணத்தை அவர்கள் மாற்றவே இல்லை. எடை குறைவு, பின் சக்கர ஓட்டம், இரண்டே இருக்கை. ஸ்டீயரிங்கைத் தொட்டாலே டயர் எங்கே நிற்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். அதே கைவண்ணம் உங்கள் ஆர்எக்ஸ்-8-இலும் தெரியும். ஒருமுறை ஓட்டியிருக்கிறேன். எஞ்சின் சின்னதாகவும் தாழ்வாகவும் முன் அச்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் வளைவில் மூக்கு கனமாகவே இருக்காது. அதை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடாதீர்கள் அண்ணா.


ஒன்பதாயிரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பேட்டரி இரவு முழுக்கச் சார்ஜ் ஏறியது. பிளக் எடுக்க முன் சக்கரத்தைக் கழற்றினேன், அப்போதுதான் கை உள்ளே எட்டியது. நான்கு பிளக்கும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. அண்ணன் சொன்ன மாதிரியே கிராங்க் செய்ததில் பெட்ரோல் பீய்ச்சியது. புதுப் பிளக் போட்டு முயன்றேன்.

ஆனால் சரியாகப் பிடிக்கவில்லை. இருமுகிறது, ஒரு முறை பின்னால் 'டப்' என்று வெடித்தது, அணைந்துவிட்டது. பயமாக இருக்கிறது. நிறுத்திவிட்டேன்.


எபெக்ஸ்சீல் எழுதியது:

நிறுத்தியது நல்லது. பிளக் வயர்களைக் கழற்றும்போது அடையாளம் போட்டீர்களா? ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக். கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். பிளக்கே வேறு வேறு, பொறி வரும் நேரமும் வேறு. ஹவுசிங்கில் (ரோட்டரைச் சுற்றியிருக்கும் கூடு) எல், டி என்று வார்த்திருப்பார்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். பிளக்கோ வயரோ மாறியிருந்தால் இப்படித்தான் இருமும்.


ஒன்பதாயிரம் எழுதியது:

பின் ரோட்டரில் இரண்டு வயரும் மாறியிருந்தன! மாற்றி மாட்டினேன். இந்த முறை ஆக்சிலரேட்டரை அழுத்தி நான்கு வினாடி கிராங்க் செய்ததும் முதலில் ஒரு முனகல், அப்புறம் முழுக் குரல். தெருவே புகையாகிவிட்டது. ஐந்து நிமிடத்தில் புகை அடங்கியது. ஐடில் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது ஓடும் வேகம்) 800 ஆர்பிஎம்-க்கு வந்து நின்றுவிட்டது. இருபது நிமிடம் ஓட விட்டுத்தான் அணைத்தேன். சூடாக இருக்கும்போதே மறுபடி சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்தது. கை நடுங்கிக்கொண்டேதான் இதைத் தட்டச்சு செய்கிறேன்.

இரண்டு கேள்விகள். இந்த எஞ்சின் உண்மையில் நல்ல நிலையில்தான் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இன்னொன்று, இப்படி ஒரு சிக்கலான எஞ்சினை இந்த ஒரே நிறுவனம் ஏன் இத்தனை வருடம் கட்டிக்கொண்டு அழுதது? மற்றவர்கள் எல்லாம் விட்டுவிட்டார்களே?


எபெக்ஸ்சீல் எழுதியது:

மிகவும் சந்தோஷம் தம்பி. சூடாக இருக்கும்போது உடனே பிடித்ததே பாதி பதில். கம்ப்ரஷன் தேய்ந்த ரோட்டரி குளிரில் பிடித்துவிடும், சூட்டில்தான் அடம்பிடிக்கும்.

மீதிப் பாதிக்கு ரோட்டரிக்கென்றே இருக்கும் கம்ப்ரஷன் டெஸ்டர் வேண்டும். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். சாதாரண கேஜ் மூன்றில் எது அதிகமோ அதை மட்டும்தான் பிடித்துக் காட்டும். ஒரு முகம் போயிருந்தாலும் தெரியாது. உங்கள் எஞ்சினுக்கு 250 ஆர்பிஎம்-இல் ஒரு சதுர செ.மீ.க்கு 8.5 கிலோ என்பது புதிதின் அளவு. 6.9 கிலோவுக்குக் கீழே போனால் எஞ்சினைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது. முகத்துக்கு முகம் 1.5-க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது, இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 1-க்கு மேல் கூடாது. கிராங்க் வேகத்தையும் கூடவே குறிக்கச் சொல்லுங்கள், வேகம் தெரியாத எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

வரலாற்றை எனக்கு அடுத்தவர் நன்றாகச் சொல்வார்.


காஸ்மோ67 எழுதியது:

அழைத்ததற்கு நன்றி. இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் ஹிரோஷிமாவிலிருந்துதான் தொடங்குவேன்.

1920-இல் அங்கே ஒரு கார்க் தொழிற்சாலையாகத் தொடங்கிய நிறுவனம் இது. ஜூஜிரோ மட்சுடா தலைமைக்கு வந்த பிறகு இயந்திரங்கள் பக்கம் திரும்பினார்கள். 1931-இல் மூன்று சக்கர டிரக் வந்தது. மாஸ்டா என்ற பெயர் அதில்தான் முதலில் ஏறியது, ஞானத்தின் தெய்வமான அகுரா மாஸ்டாவையும் மட்சுடாவின் குடும்பப் பெயரையும் சேர்த்து நினைவுபடுத்தும் பெயர். 1945 ஆகஸ்டில் அணுகுண்டு விழுந்தபோது தொழிற்சாலை ஊர் மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஒரு குன்றின் மறைவில் இருந்ததால் தப்பியது. மாவட்ட அரசு அலுவலகமே அந்தக் கட்டடத்துக்குள் குடிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி டிரக் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். எரிந்துபோன ஊரில் சாமான் சுமக்க வண்டி வேண்டும் இல்லையா.

ரோட்டரி வந்தது பிழைப்புக்காக. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பான் அரசு, கார் நிறுவனங்களைச் சில பெரிய குழுக்களாக இணைத்துவிடப் பார்த்தது. தனியாக நிற்க வேண்டுமானால் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று வேண்டும். 1961-இல் ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்திடம் வாங்கல் எஞ்சினுக்கு (இந்த ரோட்டரிதான்) உரிமம் வாங்கினார்கள். 1963-இல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் ஒரு தனிப் பிரிவு அமைந்தது. நாற்பத்தேழு பொறியாளர்கள் என்று சொல்வார்கள்.

அவர்களைத் தூங்க விடாத பிரச்சினை, உங்களுடையதன் பாட்டன்தான். எபெக்ஸ் சீல் அதிர்ந்து அதிர்ந்து ஹவுசிங் சுவரில் வரிவரியாகக் கீறல் போட்டது. அதற்கு 'பேயின் நகக்கீறல்' என்று பெயர் வைத்தார்கள். என்னென்னவோ பொருள்களில் சீல் செய்து பார்த்து, கடைசியில் கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் வேலை செய்தது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் என்ற ரோட்டரி கார் விற்பனைக்கு வந்தது. ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் குறைவான எஞ்சினில் 110 குதிரை சக்தி.

1973 எண்ணெய் நெருக்கடி இந்த எஞ்சினைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டது, பெட்ரோல் நிறையக் குடிக்கும் என்பதால். கம்பெனியே விழுகிற நிலைமை, வங்கி வந்து தூக்கி நிறுத்தியது. அப்போது விட்டிருக்கலாம். விடாமல் எரிபொருள் செலவைக் குறைத்து 1978-இல் ஆர்எக்ஸ்-7 காரைக் கொண்டுவந்தார்கள். 1991-இல் நான்கு ரோட்டர் 787பி பந்தயக் கார், 55-ஆம் எண் வண்டி, பிரான்சின் லெ மான் பந்தயத்தில் 24 மணி நேரம் ஓடி 362 சுற்றில் வென்றது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அங்கே வென்றது அதுதான் முதல் முறை. அடுத்த ஜப்பானிய வெற்றிக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உங்கள் ரெனெசிஸ் எஞ்சின் 2003-இல் வந்தது. புகை வெளியேறும் வழியைச் சுற்றுச் சுவரிலிருந்து பக்கத் தட்டுக்கு மாற்றியது அதன் பெரிய மாற்றம். எரியாத பெட்ரோல் வெளியேறுவது குறைந்தது, ஐடிலும் சீரானது. ஆர்எக்ஸ்-8 உற்பத்தி 2012-இல் நின்றது. 2023-இல் ஒரே ரோட்டர் கொண்ட 830 சிசி எஞ்சினை, மின்சாரம் தயாரிக்க மட்டும், எம்எக்ஸ்-30-இல் மறுபடி வைத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எனக்குக் கண் கலங்கியது.


பழைய சாவி எழுதியது:

நான் ஆர்எக்ஸ்-8 ஆறு வருடம் வைத்திருந்துவிட்டு விற்றவன். விற்றதற்குக் காரணம் வண்டியில் இல்லை. என் வேலை வீட்டுக்கு அருகில் மாறிவிட்டது, தினமும் மூன்று கி.மீ. மட்டும்தான். எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுவேன். அது இந்த வண்டிக்குச் செய்யும் பாவம். நீண்ட சாலையும் 7,000 ஆர்பிஎம்-க்கு மேல் முள்ளும் உள்ள வாழ்க்கை இருப்பவர் வாங்கிக்கொண்டு போனார். பின் கதவுகள் எதிர்ப்பக்கமாகத் திறப்பதைப் பார்த்து என் மகள் இன்னும் அந்த வண்டியைத்தான் கேட்கிறாள்.

ஒன்று மட்டும்: ஆயில். இந்த எஞ்சின் ஆயில் குடிக்கும், குடிக்கத்தான் வேண்டும். சீல்களுக்கு உயவு கொடுக்க ஒரு சின்னப் பம்ப் ஆயிலை எரியறைக்குள் அனுப்புகிறது. இரண்டாவது முறை பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பாருங்கள். குறையவே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும், அந்தப் பம்ப் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.


ஒன்பதாயிரம் எழுதியது:

ரோட்டரி டெஸ்டர் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து இன்று அளந்துவிட்டேன். 250 ஆர்பிஎம் அளவுக்குத் திருத்திய எண்கள்: முன் ரோட்டர் 7.6, 7.5, 7.3. பின் ரோட்டர் 7.4, 7.2, 7.3.


எபெக்ஸ்சீல் எழுதியது:

92,000 ஓடிய வண்டிக்கு மிக நல்ல எண்கள். சமமாகவும் இருக்கிறது. இந்த எஞ்சினையா இறக்கச் சொன்னார்கள்!

இனிமேல் கழுவுவதற்கு நகர்த்தினாலும் சரி, வெப்ப முள் நடுவுக்கு வரும் வரை ஓட விடுங்கள். அவசரமாக நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், ஸ்டார்ட் செய்யாமல் நியூட்ரலில் போட்டுத் தள்ளுங்கள். இந்தத் தள்ளலுக்கு மலைச்சாலையைக் கூப்பிடலாம். காயில்கள் எப்போது மாற்றியவை என்று முந்தைய உரிமையாளரிடம் கேளுங்கள். தெரியாவிட்டால் நான்கையும் மாற்றிவிடுங்கள். பொறி பலவீனமாக இருந்தால் பெட்ரோல் மறுபடி தேங்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் பழையதா என்றும் பாருங்கள், பிற்பாடு இன்னும் வேகமாகச் சுற்றும் மோட்டார் வந்தது, அது உங்கள் வண்டிக்கும் பொருந்தும்.


ஒன்பதாயிரம் எழுதியது:

காயில்கள் ஆர்டர் போட்டாகிவிட்டது. இன்று மாலை முள் நடுவுக்கு வந்த பிறகு 40 கி.மீ. ஓட்டிவிட்டு வந்தேன். மூன்றாவது கியரில் எச்சரிக்கை பீப் கேட்கும் வரை போனேன். வந்து டிப்ஸ்டிக் பார்த்தேன், கொஞ்சம் இறங்கியிருந்தது. அரை லிட்டர் ஊற்றினேன்.